நறுவிலி மரத்தின் கடைசிப் பட்டை

மலையடிக் காட்டில் யாருக்கு இருமல் வந்தாலும் நறுவிலி மரத்தடிக்குத்தான் வருவார்கள். அதன் பழம் மூக்குச்சளி போல ஒட்டும். விழுங்கினால் தொண்டை இளகும். பழம் இல்லாத காலத்தில் பட்டையைக் கொஞ்சம் உரித்து மென்றால் நெஞ்சுச்சளி கரையும்.

ஒரு கோடையில் யானை அந்த மரத்தைச் சாய்க்க வந்தது. கிழட்டு உடும்பு அடிமரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "முதலில் என்னைப் பிய்த்துப் போடு!" என்றது. பன்றியும் குரங்கும் முள்ளம்பன்றியும் முயலும் சுற்றி நின்று கூச்சல் போட்டன. யானை சலித்துப்போய்த் திரும்பியது. அதன் காலடியில் உடும்பின் வால் நசுங்கி அறுந்துபோனது. மரம் பிழைத்தது.

மறுநாளே பன்றி வந்து பட்டை உரித்தது.

"உமக்கு இருமலே இல்லையே, தோழரே!" என்றது உடும்பு.

"வந்தால்? முன்வரிசையில் நின்றவன் நான்!"

அதற்குப் பக்கத்தில் குரங்கு உரித்தது. "கத்திக் கத்தித் தொண்டை கட்டியது எனக்கல்லவா!" முள்ளம்பன்றி பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து உரித்தது. எல்லாரும் எடுக்கிறார்களே என்று முயலும் உரித்தது.

"சுற்றிலும் உரித்தால் மரம் செத்துப்போகும்!" என்றது உடும்பு.

"ஒரு துண்டுதானே, தலைவரே!" என்றார்கள் ஒவ்வொருவரும்.

மழைக்காலம் வந்தது. அணிலின் குட்டி இருமி இருமிப் பால் குடிக்கவே மறந்தது.

"அண்ணே, ஒரு துண்டு கொடுங்கண்ணே!" என்று அணில் அழுதது.

உடும்பு மரத்தைச் சுற்றிப் பார்த்தது. ஒரே ஒரு கீற்றுப் பட்டைதான் மிச்சம். மரத்தின் உயிர் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"போராட வராதவளுக்குப் பங்கா?" என்று பன்றி உறுமியது.

"அன்றைக்கு எனக்குப் பிரசவம்!" என்றது அணில்.

உடும்பு கேட்டது: "தோழர்களே, நீங்கள் பதுக்கியதில் ஒரு துண்டு கொடுங்களேன்."

"அது ஆத்திர அவசரத்துக்கு!" என்றது குரங்கு.

உடும்பு அந்தக் கீற்றைத் தானே உரித்துக் கொடுத்தது.

குட்டி பிழைத்தது. மரம் பட்டுப்போனது.

"மரத்தைக் கொன்ற துரோகி உடும்பு!" என்று அதே கூட்டம் அதே இடத்தில் நின்று கூச்சல் போட்டது. வாலில்லாத உடம்பை இழுத்துக்கொண்டு உடும்பு காட்டை விட்டுப் போனது.

அடுத்த மழைக்குப் பன்றிக்கு இருமல் வந்தது. பதுக்கிய பட்டையை எடுத்துப் பார்த்தது. எல்லாம் பூஞ்சணம்.

பொதுச்சொத்தைக் காத்தவர்கள் அதிலிருந்தே கூலி எடுத்தால், பிறகு காப்பதற்கு எதுவும் மிஞ்சாது.