ஒன்பதோடு நின்ற வண்டி

அரூர் பைபாஸ் ஓரத்தில் கார் பட்டறை வைத்திருந்த பர்கத் நிஷாவுக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் பாடம் கேட்க வந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்தொன்று.

தேவசகாயம் தருமபுரியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தார். காலை ஏழு மணி ஷிப்டில் நோயாளிகளுக்கு மெஷின் போட அவர் ஒருவர்தான். அரூரிலிருந்து அதற்கு ஏற்ற பஸ் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. பழைய செடான் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

“நீங்க வாங்கித் தர வேண்டாம். எப்படிப் பார்க்கணும்னு சொல்லிக் குடுங்க. கத்துக்கிட்டு நானே வாங்கிக்கிறேன்” என்றார்.

நிஷா ஒப்புக்கொண்டார். அன்று முதல் தேவசகாயம் அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். வேண்டாம் என்று நிஷா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

முதல் வண்டி பளபளவென்று இருந்தது. நிஷா சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். நுனியில் சேறு காய்ந்த கோடு.

“மோந்து பாருங்க.”

“குளத்து வாடை அடிக்குது.”

“வெள்ளத்துல நின்ன வண்டி. வாங்க போலாம்.”

இரண்டாவது வண்டியின் மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டியது. கிளட்ச் பெடலின் ரப்பரோ முழுக்கத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. நிஷா அதை விரலால் காட்டினார், அவ்வளவுதான்.

மூன்றாவது வண்டியின் பானெட்டில் கை வைத்ததும் சுட்டது.

“நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. ஆறின இன்ஜின் எப்படிக் கிளம்புதுன்னு நமக்குத் தெரியக்கூடாதாம்.”

தேவசகாயம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்து இன்னும் சேர்த்தார். மொத்தம் நாற்பத்து மூன்று தலைப்புகள் ஆயின. நான்காவது வண்டியிலிருந்து அவரே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்.

ஒன்றில் நான்கு டயர்களும் ஒரே வருடத்தவை அல்ல. ஒன்றில் ஏசி விசிறி முனகியது. நிஷா நல்ல வண்டி என்று சொன்ன ஒன்றில் கதவு மூடும் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. எட்டாவது வண்டியில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் விளக்கு எரியவில்லை.

“அதுக்குள்ள என்ன சார் தேடப் போறீங்க?” என்றார் நிஷா.

“தேட ஒன்னுமில்லை. ஆனா எரியணும்ல?”

நிஷா தன் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அந்த வியாழக்கிழமை பஸ் வரவில்லை. தேவசகாயம் மருத்துவமனைக்குள் நுழையும்போது மணி எட்டே கால். முதல் கட்டிலில் சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் செய்பவர். உடம்பில் நீர் ஏறியிருந்ததால் அவரால் படுக்க முடியவில்லை. திட்டவும் இல்லை.

“பஸ்ஸு...” என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். “கிடைக்கலையா சார்?”

சனிக்கிழமை பட்டறையில் இதைச் சொல்லும்போது தேவசகாயத்தின் குரல் இறங்கிவிட்டது.

“மூணு மாசமாப் பார்க்கறேன். பார்க்கப் பார்க்க ஒரு வண்டியும் தேற மாட்டேங்குது. முக்கியமா எதைப் பார்க்கணும்? ஒன்னே ஒன்னு சொல்லுங்க டீச்சர்.”

நிஷா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். “நாளைக்கு வாங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனது குணவதி அம்மாளின் வீட்டுக்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துபவர். முட்டி வலி வந்ததிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லை. விற்கப்போகிற வண்டியை அவர் கழுவிக்கூட வைக்கவில்லை.

“காலையில சாவியை ரெண்டு தடவை திருப்பணும்” என்று ஆரம்பித்தார். “மழை பெஞ்சா டிக்கியில இடது ஓரம் ஒழுகும். பின்னாடி ஒரு வேன் இடிச்சு பம்பர் மாத்தினது, பில்லு இருக்கு. பிரேக் பேட் இன்னும் ஆறு மாசம் வந்தாப் பெருசு. பின் சீட்டு கண்ணாடி ஒன்னு பாதியில நின்னுடும், கையால தூக்கிவிடணும்...”

ஒன்பது சொன்னார். தேவசகாயம் ஒவ்வொன்றாக எழுதினார். எழுத எழுத முகம் சுருங்கியது. ஒன்பதாவதை எழுதியதும் நோட்டை மூடிவிட்டார்.

“கிளம்பலாம் டீச்சர்.”

நிஷா நகரவில்லை. “அந்தம்மா சொல்லாத குறை ஒன்னைக் கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சதும் கிளம்பலாம்.”

“சொன்னதே ஒன்பது இருக்கே?”

“சொல்லாதது ஒன்னு.”

நிஷா உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குணவதி அம்மாள் டீ போட்டுக் கொடுத்தார்.

தேவசகாயம் வண்டிக்கு அடியில் படுத்தார். ஆறிக் கிடந்த இன்ஜினைக் கிளப்பினார். இரண்டாவது திருப்பலில் கிளம்பியது. புகையைப் பார்த்தார், ஆயிலைத் தொட்டு முகர்ந்தார், ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடித் தகட்டைத் தடவினார். சேஸிஸ் எண்ணை ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டார். தருமபுரி ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் போய்த் திரும்பினார். இரண்டு மணி நேரம் கழித்து சட்டையெல்லாம் அழுக்காக வந்து நின்றார்.

“கிடைச்சுதா?”

“இல்லை.”

“முழுசாப் பார்த்தீங்களா?”

“நாற்பத்து மூணும் பார்த்தேன்.”

“சரி, போலாமா?”

தேவசகாயம் அசையவில்லை. “ஆனா ஒன்பது இருக்கே டீச்சர்” என்றார், சின்னக் குரலில்.

நிஷா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒன்பதோட நின்னுடுச்சு சார். நீங்க வேண்டாம்னு விட்டுட்டு வந்த எட்டு வண்டியும் எத்தனையில போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

தேவசகாயம் நோட்டைத் திறந்தார். மூடினார். பிறகு குணவதி அம்மாளிடம் போய், வண்டியைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

நிஷா பிரேக் பேடையும் டிக்கியின் ரப்பரையும் மாற்றிக் கொடுத்தார். பெயர் மாற்றமும் முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை நிஷா பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“டீச்சர், ஒன்னு கிடைச்சிருச்சு.”

“என்ன கிடைச்சிருச்சு?”

“பத்தாவது. அந்தம்மா சொல்லாதது. நம்ம நாற்பத்து மூணுலயும் இல்லை. வண்டியில இருக்கிற கடிகாரம் நாலு நிமிஷம் ஸ்லோ.”

நிஷா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

“எங்க இருந்து பேசறீங்க?”

“ஆஸ்பத்திரி வாசல்ல. வண்டிக்குள்ளதான் உட்கார்ந்திருக்கேன்.”

“மணி என்ன?”

“வண்டியிலயா, கையிலயா?”

“கையில.”

“ஆறே முக்கால்.”

“சின்னப்பொண்ணு வந்தாச்சா?”

“வந்துட்டாங்க. ஜன்னல் வழியாத் தெரியறாங்க.”

“அப்ப வண்டியை விட்டு இறங்குங்க சார்.”