வெள்ளி அகப்பையும் கொழுத்த நாயும்

நாலு பேர் நல்லது என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிற ஆளா நீங்கள்? அப்படியானால் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இந்தக் கதை உங்களுக்குத்தான். எதையும் நம்பாத ஆசாமிகளும் இருக்கலாம், ஆனால் நடுவில் எழுந்து போகக் கூடாது.

ராஜா குதிரையில் போவார், ஜனங்கள் காலால் நடப்பார்கள், அப்படி ஒரு காலம். அந்தக் காலத்தில் வெள்ளூர் என்ற நாட்டைச் சேந்தமாறன் என்ற ராஜா ஆண்டு வந்தார். துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு ஒரே ஒரு பாதைதான். நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. வழியில் மூன்று சத்திரங்கள் மட்டும் இருந்தன. வழிப்போக்கர்கள் சாப்பிடுவதும் படுப்பதும் அங்கேதான்.

சத்திரக்காரர்கள் நன்றாகச் சமைக்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. வருஷா வருஷம் எந்தச் சத்திரத்துச் சாப்பாடு சிறந்ததோ, அந்தச் சத்திரத்துக்கு ஒரு வெள்ளி அகப்பையைப் பரிசாகக் கொடுப்பார். அதை வாசல் நிலையில் தொங்கவிட வேண்டும். வெயிலில் அது பளபளக்கும். தூரத்திலிருந்தே தெரியும். அதற்கப்புறம் ஜனங்கள் மற்ற இரண்டு சத்திரங்களையும் ஏறிட்டுப் பார்ப்பார்களா? பசியோடு கடந்து போய், அகப்பை தொங்குகிற வாசலில் போய்த்தான் நிற்பார்கள்.

யாருக்குப் பரிசு என்று சொல்கிற வேலை சாத்தையன் என்பவருக்கு. அவருக்குச் 'சுவையறிவார்' என்று பட்டம். பல்லக்கில் போவார், முன்னால் முரசு போகும். ஒரு வாய் ரசத்தை உறிஞ்சிவிட்டு, மிளகு எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார் என்று ஊரே மெச்சியது.

ஒரு காலத்தில் அது நிஜம்தான். ஆனால் ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. உடம்பு தேறிவிட்டது, நாக்கு தேறவில்லை. தேனும் வேப்பெண்ணெயும் அவருக்கு ஒன்றாகிப் போயிற்று. மூக்கும் அப்படியே. மனுஷர் அதை வெளியில் சொன்னாரா? சொல்வாரா? பட்டம் போய்விடுமே, பல்லக்கு போய்விடுமே. அதைவிட ஒரு பெரிய பயம் இருந்தது. பொய்ச் சுவை சொன்னவனின் நாக்கை அறுக்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம்.

அதனால் வாயை மூடிக்கொண்டார். ஒரு வருஷம் அலங்காரத்தைப் பார்த்துப் பரிசு கொடுத்தார். ஒரு வருஷம் கூட்டத்தைப் பார்த்துக் கொடுத்தார். ஒரு வருஷம் குருட்டாம்போக்கில் கொடுத்தார். மூன்று தடவையும் சபையில் கைதட்டினார்கள். என்ன சொல்ல!

நாலாவது வருஷம் வந்தது. சாத்தையனின் பல்லக்கு முதலில் கச்சிராயன் சத்திரத்தில் இறங்கியது. தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கிற சத்திரம் அது. போன வருஷம் குருட்டாம்போக்கில் அகப்பை வாங்கினவன் அந்தக் கச்சிராயன்தான்.

தலைவாழை இலை போட்டு, பதினாறு வகைக் கறி வைத்து, பக்கத்திலேயே நின்று உபசரித்தான். சாத்தையன் வழக்கம்போல் கண்ணை மூடி, தலையை ஆட்டி, பிரமாதம் என்றார். கச்சிராயன் குனிந்து, விசிறுகிற பாவனையில் அவர் காதோடு பேசினான்.

"போன வருஷம் நீங்க வந்தன்னிக்குக் கூட்டில ரெண்டு பேர் உப்புப் போட்டுட்டாங்க. வாயில வைக்க முடியல. நீங்க அமிர்தம்னு சொன்னீங்க. இந்த வருஷமும் அகப்பை இங்கேதான் தொங்கணும். இல்லேன்னா சபையில நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கும்."

பெரிய அடுக்களைகளில் உப்புப் போடுவது ஒரே கை என்று வைத்திருப்பார்கள். அன்றைக்கு இரண்டு கை விழுந்தது அவருக்கு எப்படித் தெரியும்? சாத்தையன் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். கை கழுவுகிற சாக்கில் எழுந்து கொல்லைப்புறம் போனார்.

அங்கே எச்சில் இலைகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. அத்தனை இலையிலும் சோறு அப்படியே இருந்தது, கறி அப்படியே இருந்தது. ஒரு நாய் அதில் வாய் வைத்துக்கொண்டிருந்தது. தின்று தின்று கொழுத்து, எழுந்திருக்க முடியாமல், படுத்தபடியே தின்றது.

கிணற்றடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் பெண் குழந்தை வாடிக் கிடந்தது. துறைமுகத்திலிருந்து நடந்து வந்தவர்களாம். நேற்று இங்கே சாப்பிட்டதிலிருந்து குழந்தைக்கு வாந்தி நிற்கவில்லையாம். வழியில் ரெண்டு சத்திரம் இருந்ததே அம்மா, பசியோடு ஏன் இவ்வளவு தூரம் நடந்தாய் என்று சாத்தையன் கேட்டார்.

"இங்கேதானே ஐயா அகப்பை தொங்குது" என்றாள் அவள்.

அவள் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் யார் என்றே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சாத்தையனால் அங்கே நிற்க முடியவில்லை. தன் பல்லக்கில் அவளையும் குழந்தையையும் ஏற்றி, தலைநகர் வைத்தியரிடம் கொண்டுபோய் விடச் சொன்னார். முரசுக்காரனையும் கூடவே திருப்பி அனுப்பினார். அந்தச் சத்தத்தை அதற்குமேல் அவரால் கேட்க முடியவில்லை.

மிச்ச வழியை நடந்தார். நடக்க நடக்கக் கச்சிராயனின் குரல் காதிலேயே இருந்தது. அவனுக்குக் கொடுத்தால் இன்னும் எத்தனை குழந்தைகள் வாடுமோ. கொடுக்காவிட்டால் நாக்கு போகும். சரி, கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? எது நல்ல சாப்பாடு என்றுதான் தனக்குத் தெரியாதே! நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது சத்திரம் பூவணன் என்பவனுடையது. பல்லக்கு இல்லாவிட்டாலும் பூவணன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். பட்டுப் பாய் விரித்துத் தனி அறையில் உட்காரவைத்தான். நெய் மிதக்க மிதக்கப் பரிமாறினான். சாத்தையன் சாப்பிட்டுவிட்டு நேரே கொல்லைக்குப் போனார். இலைக் குவியலில் நெய் பட்ட இலை ஒன்றே ஒன்று இருந்தது. அது அவருடைய இலை. மற்ற இலைகளில் வெறும் சோற்றுப் பருக்கையும் நீர்மோரும்தான். அங்கே இருந்த நாய் ரொம்பக் கொழுப்புமில்லை, மெலிவுமில்லை. நடுத்தரமாக இருந்தது.

மூன்றாவது சத்திரத்தை அரியநாச்சி என்ற அம்மாள் நடத்தி வந்தாள். கடற்கரை ஓரமாக, கூரை வேய்ந்த சத்திரம். சாத்தையன் போனபோது, அகப்பையைத் தேடாத உள்ளூர் ஜனங்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் பந்தி நடந்துகொண்டிருந்தது. தான் சுவையறிவார் என்று சொல்லிப் பார்த்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரா இருந்தா என்ன, இலை காலியில்ல. அடுத்த பந்தியில உட்காரும்" என்றாள்.

அடுத்த பந்தியும் நிறைந்துவிட்டது. கடைசிப் பந்தியில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. ஒரு பக்கம் உப்பு வண்டிக்காரன், இன்னொரு பக்கம் கண் தெரியாத ஒரு கிழவர். முதல் பந்திக்கு எடுத்த அதே பானையிலிருந்துதான் இவர்களுக்கும் சோறு வந்தது. பரிமாறி முடித்ததும் அரியநாச்சியும் அங்கேயே ஒரு இலை போட்டு உட்கார்ந்தாள். நாள்தோறும் அவள் சாப்பாடு கடைசிப் பந்தியில்தானாம். அங்கே குறைந்தால் தனக்குத் தெரியுமே என்பது அவள் கணக்கு.

சாத்தையன் நாக்குக்கு அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணால் பார்த்தார். கிழவர் இலையைத் தடவித் தடவி வழித்துச் சாப்பிட்டார். வண்டிக்காரன் பேச்சே இல்லாமல் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டான். கொல்லைக்குப் போனார். இலைகள் கழுவி வைத்த மாதிரி கிடந்தன. அந்த வீட்டு நாய், பாவம், எலும்பும் தோலுமாய் இலைகளை ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்துவிட்டு அவரைப் பார்த்துக் குரைத்தது.

அவர் அழுதுவிட்டார். மூன்று வருஷமாக இந்த வாசலைக் கடந்து போகச் சொல்லி, ஊரையே திருப்பிவிட்டது தான்தானே என்று அழுதார்.

சபை கூடியது. ராஜா சிம்மாசனத்தில் இருந்தார். பக்கத்தில் பட்டுத்துணியின்மேல் வெள்ளி அகப்பை இருந்தது. கச்சிராயன் முன்வரிசையில் வந்து நின்று, மீசையை நீவிக்கொண்டு, சாத்தையனையே பார்த்தான். யாருக்கு என்று ராஜா கேட்டார். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். 

"ராஜாவே, காய்ச்சல்ல என் நாக்கு செத்துப்போய் மூணு வருஷம் ஆச்சு" என்றார் சாத்தையன்.

ஒருவரும் நம்பவில்லை. ராஜா மூன்று கிண்ணம் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் வேப்பிலைச் சாறு. மூன்றையும் சாத்தையன் முகம் சுளிக்காமல் குடித்தார். எது எது என்று கேட்டதற்குத் தெரியாது என்று தலையசைத்தார். காவலன் ஒருவன் கத்தியோடு வந்து பக்கத்தில் நின்றான்.

கச்சிராயனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அகப்பை போய்விட்டதே! புத்தி வேலை செய்யவில்லை.

"எனக்குப் போன வருஷமே தெரியும் ராஜாவே! ரெண்டு தடவை உப்புப் போட்ட கூட்டை அமிர்தம்னு தின்ன ஆள் இவர்" என்று கத்தினான்.

ராஜா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். அந்தக் கூட்டுக்குத்தானே நீ அகப்பை வாங்கினாய், தெரிந்தேதானே வாங்கினாய் என்று கேட்டார். கச்சிராயன் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தான்.

அப்புறம் ராஜா அகப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"போன மாசம் நானும் கச்சிராயன் சத்திரத்துல சாப்பிட்டேன். வாய்க்கு விளங்கல. ஆனா வாசல்ல அகப்பை தொங்குது, அப்ப என் நாக்குலதான் கோளாறுன்னு நினைச்சு, நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். இவன் நாக்கு காய்ச்சல்ல செத்துது. என் நாக்கை இந்த அகப்பை கொன்னுது. ஒரு நாக்கை அறுத்தா இன்னொண்ணையும் அறுக்கணும். கத்தியை உள்ளே கொண்டுபோ."

அதைக் கேட்டபிறகுதான் சாத்தையனுக்கு மூச்சு வந்தது. தான் பார்த்த மூன்று கொல்லையையும், மூன்று நாயையும் சபையில் சொன்னார். ராஜா அப்போதே சபையைக் கலைத்துவிட்டு, மூன்று சத்திரத்துக்கும் நேரில் போனார். வாசல் வழியாகப் போகவில்லை, கொல்லை வழியாகப் போனார். கொழுத்த நாயைப் பார்த்தார், நடுத்தர நாயைப் பார்த்தார், மெலிந்த நாயைப் பார்த்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து இலையை வழித்துச் சாப்பிட்டார். கச்சிராயனின் சத்திரம் அன்றோடு கைமாறியது.

சாத்தையனுக்குப் பட்டம் போயிற்று, பல்லக்கு போயிற்று. இனி மூன்று சத்திரத்திலும் எச்சில் இலை எடுக்க வேண்டும் என்று ராஜா தண்டனை கொடுத்தார். ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதற்கப்புறம் எந்தச் சத்திரத்தில் எப்படிச் சாப்பாடு என்று ராஜா கேட்டபோதெல்லாம், சாத்தையன் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

அகப்பை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? அது அரியநாச்சிக்குப் போயிற்று. அவளுடைய மர அகப்பை அப்போதுதான் உடைந்திருந்தது. நல்லவேளை என்று சொல்லி, வாங்கின கையோடு கொதிக்கிற குழம்பில் விட்டுக் கிண்டினாள். வெள்ளியில்லையா, கண் மூடித் திறப்பதற்குள் சூடேறிக் கையைச் சுட்டுவிட்டது. கையை உதறிக்கொண்டு வெளியே வந்தவள், அதைக் கொல்லையில் வைத்து, அதில் அந்த மெலிந்த நாய்க்குத் தண்ணீர் ஊற்றினாள். கையைச் சுடாமல் அது ஒருவருக்காவது உபயோகப்பட்டது.

ஆகையால், கேட்டுக்கொண்டிருந்த மகாஜனங்களே, விருந்தோம்பலின் தரத்தைக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனின் இலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமே தவிர, வாசலில் தொங்குகிற பரிசைப் பார்த்து அல்ல.