முள்ளம்பன்றி புரட்டிய குவியல்

காட்டோரத்தில் ஓர் எருமை கரும்பு பயிரிட்டு வந்தது. அந்தத் தோட்டத்தின் வரப்பில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குட்டிகளோடு குடியிருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் இருந்தது. போன வருஷம் கரும்பு வெட்டியதும் எருமை காய்ந்த தோகைக்குத் தீ வைத்தது. காற்று திரும்பியது. தீ வரப்பேறி வளைக்குள் அனலடித்தது. சின்னக் குட்டியின் முதுகு முள்ளெல்லாம் பொசுங்கிப்போயிற்று. எருமை மன்னிப்புக் கேட்டு வந்தபோது முள்ளம்பன்றி முதுகைத் திருப்பி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டது. அன்று முதல் எருமை எதிரே வந்தாலே அப்படித்தான்.

இந்த வருஷம் வெட்டு முடிந்ததும் எருமை ஓர் இயந்திரத்தை இழுத்து வந்தது. உதவிக்கு வந்த குரங்கு இயந்திரத்தின் வாயில் தோகையைத் திணித்தது. மறுபக்கம் தூளாக வந்து விழுந்தது. இரண்டும் தூளைப் பரப்பிச் சாணத்தைக் கரைத்து ஊற்றின. அதன்மேல் மறுபடியும் தூள். வரப்பை ஒட்டிப் பெரிய குவியலாயிற்று.

"முள்ளண்ணே, சும்மா பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒரு கை கொடுக்கக் கூடாதா?" என்று குரங்கு கூப்பிட்டது.

"அவன் திருந்திவிட்டான் என்று நீ நம்பு. என் குட்டியின் முதுகைப் பார்த்தவன் நான்" என்றது முள்ளம்பன்றி.

பனி கொட்டிய ஒரு விடியற்காலை, குவியலின் உச்சியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

"மறுபடியும் வைத்துவிட்டான் பாவி!"

முள்ளம்பன்றி குட்டிகளை ஓடைக்குத் துரத்திவிட்டுக் குவியல்மேல் பாய்ந்தது. அடியில் இருக்கும் நெருப்பை எடுத்து அணைக்க வேண்டுமே! தோண்டித் தோண்டி எறிந்தது. உள்ளே சூடு இருந்தது, நெருப்பு இல்லை. வெயில் ஏறுவதற்குள் குவியல் முழுக்கத் தலைகீழாகிவிட்டது.

"என்ன அண்ணே, முள்ளுக்கு முள் தோகையைக் குத்திக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறீர்கள்?" என்று எருமையோடு வந்த குரங்கு சிரித்தது.

"தீ எங்கே?"

"தீ இல்லையப்பா. மக்கும்போது உள்ளே சூடேறும். பனியில் ஆவி பறக்கும்" என்றது எருமை. "இன்றைக்கு இதைப் புரட்டிவிட வேண்டும். கொம்பால் புரட்டினால் எனக்குப் பொழுது சாய்ந்துவிடும். நீ முடித்துவிட்டாய். ரொம்ப நன்றி."

முள்ளம்பன்றி இயந்திரத்தைப் பார்த்தது. "இது ஏது?"

"ஓடைக்கு அக்கரையில் இருப்பவர்களிடம் கேட்டு வாங்கினேன். பதிலுக்கு அவர்களுக்கு வண்டி இழுக்கிறேன்."

"இத்தனை பாடு எதற்கு? ஒரு தீக்குச்சி போதுமே உனக்கு."

"உன் குட்டியின் முதுகை நானும்தான் பார்த்தேன்" என்றது எருமை.

முள்ளம்பன்றி முள்ளில் குத்தியிருந்த தோகையை உதறியது.

"போன வருஷத்தை நான் மறக்கமாட்டேன்" என்றது கடைசியில்.

"மறக்க வேண்டாம்."

"இதையும் மறக்கமாட்டேன்."

அதன் முட்கள் மெல்லப் படிந்தன. ஓடைக்குப் போய்க் குட்டிகளை அழைத்து வந்து வளையில் விட்டது. அதற்குப் பிறகு குவியலைப் புரட்டும் நாளிலெல்லாம் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றது. அந்த உரத்தில் அடுத்த கரும்பு தளதளவென்று வளர்ந்தது.

ஒருவர் செய்த தீங்கை நினைவில் வைத்திருப்பவர், அவர் பின்னால் செய்த நன்மையையும் நினைத்து நன்றியோடு இருக்க வேண்டும்.