வாளுக்கு வாழ்க்கைப்பட்டவள்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கேயாவது இருந்து தொலைக்கலாம். அவருடைய சபை விகடகவி ஆண் வாரிசில்லாமல் கண்ணை மூடினார். அப்பாவின் தலைப்பாகையைத் திருப்பிக் கொடுக்க வந்த மகள் உலகநாச்சி, ராஜாவின் குறும்புக் கேள்விக்கு வெடுக்கென்று பதில் சொன்னாள். ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "உன் தந்தையின் இடத்தில் இனி நீயே அமர்வாய்" என்றார்.

பெண்பிள்ளை சபையில் பேசுவதா என்று பிரதானி மார்த்தாண்டருக்கு வயிறு எரிந்தது. "இப்படிப்பட்ட ரத்தினம் அந்தப்புரத்தில் அல்லவா இருக்க வேண்டும், மகாராஜா?" என்று காதில் போட்டார். ராஜாவுக்குத் தலையாட்டுவதில் சிரமமே கிடையாது. முகூர்த்தத்தன்று அவர் வேட்டைக்குப் போய்விட, அந்நாட்டு வழக்கப்படி அவருடைய வாள் மாப்பிள்ளையாகப் பட்டு மெத்தையில் வந்தது. வாளில் தொட்டெடுத்த தாலியை அரண்மனைப் பெண்ணொருத்தி கட்டினாள். அந்தப்புரக் கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு ராஜாவுக்கு அவள் நினைப்பே வரவில்லை. பேசிப் பேசியே வாழ்ந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டியது.

பிறகு ஒரு போரில் அந்த வாள் உடைந்தது. துண்டுகளைச் சபை நடுவே பட்டுத்துணியில் வைத்திருந்தார்கள். சேதி கேட்ட உலகநாச்சி வெள்ளைச் சேலையில், "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று மாரடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இழவுக்கு வருகிறவளை எந்தக் காவலாளி தடுப்பான்?

"யார் இறந்தது?" என்று ராஜா பதறினார்.

"எனக்குத் தாலி கட்டினவர்தான், மகாராஜா. இதோ, ரெண்டு துண்டாக் கிடக்கிறாரே! புருஷன் போன பிறகு அந்தப்புரத்துல எனக்கு என்ன வேலை? அப்பா வீட்டுக்குப் போக உத்தரவு கொடுங்க."

பிரதானி முந்திக்கொண்டார். "ராஜகுலத்து வழக்கம் அதுவல்ல, மகாராஜா. கணவனின் சிதையில் மனைவியும் ஏற வேண்டும்."

சபை முழுக்கத் தலையாட்டியது. அவள் பேச்சுக்கு வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான் எல்லோரும். ஒருத்தராவது வாய் திறந்தாரா?

உலகநாச்சி பிரதானி பக்கம் திரும்பினாள். குரலை நடுங்க விடவில்லை.

"அப்படியே ஆகட்டும், பிரதானியாரே. முதல்ல அவரைச் சிதையில வைங்க. அவர் எரிஞ்சு சாம்பலானதும் ஆள் அனுப்புங்க, நானும் வந்து ஏறுறேன். அதுவரைக்கும் அப்பா வீட்டுல காத்திருக்கேன்."

"எஃகு என்றைக்கடி சாம்பலாகும்!" ராஜா அரியணை அதிரச் சிரித்தார். "பிழைத்துப் போ! இப்படி ஒரு விகடம் நான் கேட்டதே இல்லை." கையோடு ஒரு ஜோடிப் பொன் வளையலைப் பரிசாக நீட்டினார். "ஆனால் கைம்பெண் முகத்தில் சபை விழிக்கக் கூடாது. இனி இங்கே வராதே."

கைம்பெண்ணுக்கு வளையல் எதற்கு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உலகநாச்சிக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது. அவள் உயிருக்கு மன்றாடியது இவர்களுக்கு விகடம். அதற்குப் பரிசு வேறு.

வளையல்களை வாங்கினாள். குனிந்து, வாளின் துண்டுக்கு ஒன்றாக மாட்டினாள்.

"இனி வீட்டோட கிடக்கப் போறவர் இவர்தானே? இவரே போட்டுக்கட்டும்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அது யாருடைய வாள் என்பது சபையில் ஒவ்வொருவருக்கும் உறைத்தது. ராஜா மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.