காக்கைகளுக்கு யார் சொன்னது?

"குழுவும் வேணாம், ஆராய்ச்சியும் வேணாம் டீச்சர். இனிமே போர்டுல எழுதிப் போட்டுடறேன். பிள்ளைங்க பாத்து எழுதிக்கட்டும்."

சொன்னவர் தணிகாசலம். இருபத்தாறு வருடமாக அறிவியல் ஆசிரியர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ரெஹானா. பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம்தான் ஆகிறது. அவருடைய வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து எப்போதும் எதையாவது துருவிக்கொண்டிருப்பார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பேச்சு. அதனால்தான் தன்னைவிட இருபது வயது இளையவரைத் தேடி ஸ்கூட்டரில் வந்திருந்தார் தணிகாசலம்.

"என்ன ஆச்சு சார்?"

"தெருவுல கொசு எங்க முட்டை போடுதுன்னு கண்டுபிடிக்க நாலு பேரை விட்டேன். பக்கத்துலயே நின்னேன். எங்க பாக்கணும், என்ன எழுதணும், எல்லாம் நானே சொன்னேன். அப்படியும் சண்டை. நான் ஒரு சத்தம் போட்டேன். ஃபெலிசியான்னு ஒரு பொண்ணு. நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அழுதுகிட்டே போயிட்டா. மூணு நாளா பள்ளிக்கூடம் வரல."

கடைசி வரியில் அவர் குரல் இறங்கியது.

"நான் எங்க தப்பு பண்ணேன்?"

ரெஹானா வராந்தாவை எட்டிப் பார்த்து, "வினோதினி!" என்றார்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

"உங்க குழுவுல ஆள் பத்தலன்னியே. சாரைச் சேத்துக்கோ. ரெண்டு நாள் வருவாரு."

வினோதினி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தூரத்துல இருக்கறது கண்ணு தெரியுமா சார்?"

அந்தக் குழுவில் வினோதினியும் இருதயராஜும்தான். இருதயராஜ் அதிகம் பேசாதவன். அவர்கள் கேள்வி இதுதான்: மதியம் சோறு போடுவதற்குச் சற்று முன்னால் காக்கைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

"மணிச் சத்தத்தைக் கேட்டு வரும்," என்றார் தணிகாசலம்.

"நீங்க பாத்தீங்களா சார்?"

அவர் பார்த்ததில்லை.

மறுநாள் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி மதிய மணியை அடிக்காமல் விட்டார்கள். வினோதினி சமையலறை வாசலில். இருதயராஜ் குழாயடியில். தணிகாசலம் புளியமரத்தடியில், எண்ணுவதற்கு.

பதினான்கு காக்கைகள் வந்தன.

"அப்போ வாசனைதான்," என்றார்.

வினோதினி நோட்டில் எழுதினாள்: 'சார் சொன்னது மணி. தப்பு. இப்போ வாசனை என்கிறார். பார்க்கணும்.'

அடுத்த நாள் சமையல் ஆயாவிடம் போய் நின்றார்கள்.

"காக்காவுக்காக என் சாம்பாரை மூடி வைக்கணுமா?" ஆயா சிரித்தார். ஆனாலும் மூடி வைத்தார்.

காக்கைகள் வந்தன. பதினாறு.

"காக்காவுக்கு நேரம் தெரியும் சார். அவ்வளவுதான்," என்றாள் வினோதினி.

"மூடி இடுக்குல வாசனை வந்திருக்கும்மா."

"வரல. நான் பக்கத்துல நின்னேன்."

"உனக்கு வரலன்னா காக்காவுக்கும் வராதா?"

வினோதினி நோட்டைப் படாரென்று மூடினாள். தணிகாசலமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தட்டு," என்றான் இருதயராஜ்.

இருவரும் திரும்பினார்கள்.

"பிள்ளைங்க சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டு கழுவுறப்ப சத்தம் வருது. அதுக்கப்புறம்தான் முதல் காக்கா வந்துச்சு. ரெண்டு நாளும்."

இரண்டு நாளும் குழாயடியில் நின்றது அவன்தான். அங்கே என்ன நடந்தது என்று அவனை யாரும் கேட்டிருக்கவில்லை.

"ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்றாள் வினோதினி.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்க."

மூன்று மணிக்கு, சோறும் இல்லாமல் சாம்பாரும் இல்லாமல், மூவரும் குழாயடியில் எவர்சில்வர் தட்டுகளை உருட்டினார்கள். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு காக்கை வந்தது. அப்புறம் ஏழு.

மூவரும் கத்தினார்கள். தணிகாசலம் துள்ளியதில் செருப்பு கழன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

ஈரச் செருப்போடு ரெஹானாவிடம் ஓடினார்.

"டீச்சர், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்ல சார். நான் வாசனைன்னுதான் நெனச்சிருந்தேன்."

அன்று தணிகாசலம் நேராக வீட்டுக்குப் போகவில்லை. வழியில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு ஃபெலிசியாவின் வீட்டு வாசலில் நின்றார்.

"உன்மேல சத்தம் போட்டிருக்கக் கூடாதும்மா. நாளைக்கு வர்றியா?"

அவள் நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வந்தாள்.

கொசுக் குழுவின் நான்கு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தணிகாசலம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ஃபெலிசியாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னையும் சேத்துக்குங்க. எனக்கு என்ன வேலை?"

ஃபெலிசியா நோட்டைத் திறந்தாள். பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தாள்.

"நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும் சார்."

மற்ற மூன்று பேரும் வேகவேகமாகத் தலையாட்டினார்கள்.