அமங்கலம் எழுதாத ஆபீஸ்

புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு, மந்தாரப்பட்டி மென்பொருள் ஆபீஸ்காரர்கள் மூன்று பேரும் பந்தியில் இருந்தார்களாம். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் பாத்திரம் காலி. போகட்டும், பாயசம் நன்றாக இருந்தது என்று வீடு திரும்பிவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் ஒரு கோபமும் கிடையாது. தங்கமான மனுஷர்கள். வேலையை மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

டவுனில் கல்யாண மண்டபம் வைத்திருந்த சௌந்தரம் அக்கா கொடுத்துவிட்டார். மண்டபத்தை ஒரு ஏஐ ஏஜென்ட் கையில் ஒப்படைக்க அவருக்கு ஆசை. தேதி பதிவது, சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் தகவல் அனுப்புவது, முகூர்த்த நேரத்தில் ஸ்பீக்கரில் கெட்டிமேளம் போடுவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஏபிஐ. ஏஜென்ட் அமுக்குகிற பட்டன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று குறிப்பு எழுதுவதுதான் நம்மவர்களுக்கு வந்த வேலை.

"அதுக்கு ஊகிக்கத் தெரியாது தம்பி. எழுதினதை அப்படியே நம்பும்," என்றார் அக்கா. "அழிக்கிற பட்டன் எதுன்னு பளிச்சுனு எழுதுங்க. அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு மனுஷனைக் கேக்கணும்னும் எழுதுங்க. என் மக கோமதி கல்யாணமும் இதுக்குள்ளதான் இருக்கு. ரெண்டு இடம் தட்டிப்போய் இப்பத்தான் கூடி வந்திருக்கு."

மூவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மூவரில் ஒருவனான சீராளன் உட்கார்ந்து எழுதினான்: 'இந்தப் பட்டன் கல்யாணப் பதிவை அடியோடு அழிக்கும். தானாகத் திரும்ப வராது.'

படித்ததும் மூத்தவர் திருமேனிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏம்ப்பா, கல்யாண சமாச்சாரத்துல எழுதுற எழுத்தா இது? விளக்கை அணைக்கிறதையே குளிர வைக்கிறதுன்னு சொல்ற ஊரு நம்ம ஊரு."

"அண்ணே சொல்றது சரி," என்றான் ஒச்சப்பன். "வீட்டை விட்டுக் கிளம்புறவன்கூட போயிட்டு வரேன்னுதானே சொல்றான்?"

"அப்ப அழிக்கும்கிறதை எப்படி எழுதுறது?" என்று கேட்டான் சீராளன்.

திருமேனி கண்ணை மூடி யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்று மற்ற இருவரும் பயந்தபோது திறந்தார். "கல்யாணத்தை இனிதே முடித்து வைக்கும்னு போடு."

"திரும்ப வராதுங்கிறது?"

"ஒரு தரம் அமுக்கினாலே போதும்னு போடு."

"மனுஷனைக் கேக்கணும்னு அக்கா சொன்னாங்களே?"

"பெரியவர் ஆசி பெற்று அமுக்குகன்னு போட்டு, என் போன் நம்பரைக் கொடு."

அழிந்ததை மீட்டுக் கொண்டுவர இன்னொரு பட்டன் இருந்தது. அதில்தான் பெரிய தர்க்கம். போன கல்யாணத்தைத் திரும்ப நடத்துவது என்றால் அதே பெண்ணுக்கு இரண்டாம் தாலி அல்லவா என்று கேட்டான் ஒச்சப்பன். மூவருக்கும் மேலெல்லாம் கூசியது. 'தொட்டால் குடி கெடும், யார் சொன்னாலும் தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்கள். பிறகு எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார்கள். ஒருவர் முகமும் சுணங்கவில்லை. சோதனை தேறியது என்று அனுப்பிவிட்டார்கள்.

மார்கழி முடியும் சமயம். சௌந்தரம் அக்கா ஏஜென்ட்டிடம் வாய் நிறையச் சொன்னார்: "எங்க கோமதி கல்யாணம் இனிதே முடியணும்ப்பா. தை மாசக் கல்யாணம் அத்தனையும் இனிதே முடியணும்."

ஏஜென்ட் குறிப்புகளைப் புரட்டியது. இதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறதே. திருமேனிக்கு மெசேஜ் அனுப்பியது: 'தை மாதக் கல்யாணங்களை இனிதே முடிக்க ஆசி வேண்டும்.' ஒரு எந்திரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்குக் கண் கலங்கியது. 'மகராசனாய் செய்' என்று பதில் போட்டார்.

"அத்தனையும் இனிதே முடிந்தன, அம்மா," என்றது ஏஜென்ட்.

அக்கா காபியை வாயில் வைக்கவில்லை, சமையல்காரர் கூப்பிட்டார். "என்னக்கா, முகூர்த்தம் ரத்துன்னு தகவல் வந்திருக்கு?" பின்னாலேயே பந்தல்காரர். அதற்கும் பின்னால் சம்பந்தி. "எங்க பையன்கிட்ட என்ன குறை கண்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். கோமதி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

"எல்லாத்தையும் மீட்டுக் கொண்டா," என்று கத்தினார் அக்கா.

"மன்னிக்கவும் அம்மா. தொட்டால் குடி கெடும், யார் சொன்னாலும் தொடாதே என்று எழுதியிருக்கிறது."

ஆபீசுக்குள் அக்கா நுழைந்த வேகத்தில் ஒச்சப்பன் மேஜைக்கு அடியில் போய்விட்டான். "என் மக அழுதுக்கிட்டிருக்கா. உங்க மங்கலத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க," என்றார் அக்கா. "எதைச் செஞ்சா திரும்பப் பெற முடியாதோ, அதையெல்லாம் அப்படியே எழுதுங்க. இனிமே யாராவது ஆசி கேட்டா, என்ன ஏதுன்னு யோசிக்காம கொடுக்காதீங்க அண்ணே."

அக்கா பக்கத்தில் நிற்க, மீட்கும் பட்டனின் குறிப்பைச் சீராளன் திருத்தினான். கல்யாணங்கள் எல்லாம் திரும்பி வந்தன. அக்கா சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய், தட்டு வைத்து மன்னிப்புக் கேட்டு, ஒரு வழியாகச் சமாதானம் ஆயிற்று. ஆபீஸில் மூவரும் மற்றப் பட்டன்களுக்கும் உள்ளதை உள்ளபடி எழுத உட்கார்ந்தார்கள்.

கோமதியின் முகூர்த்த நாள். மணமேடையில் ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்," என்றார். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கோமதியின் கழுத்தருகே கொண்டு போனார். மேளம் வரவில்லை. ஸ்பீக்கர் கொரகொரத்துவிட்டுப் பேசியது:

"எச்சரிக்கை. இது முழங்கினால் கல்யாணம் ஆகிவிடும். ஆனபின் திரும்பப் பெற முடியாது. பெரியவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியவரைக் காணோம். மூன்று பேரும் கீழே டிபன் பந்தியில் இருந்தார்கள்.

இலையோரம் போன் அதிர்ந்தது. திருமேனியின் கையெல்லாம் சாம்பார். ஒச்சப்பன் எட்டிப் படித்தான்.

"அண்ணே, கோமதி கல்யாணத்துக்கு மறுபடியும் ஆசி கேக்குது. திரும்பப் பெற முடியாததாம்."

திருமேனி பொங்கலை வைத்துவிட்டு நன்றாக, அக்கா சொன்னபடியே, யோசித்தார். சீராளனும் கூடச் சேர்ந்து யோசித்தான்.

"போன தடவை ஏமாந்தோம்," என்றார் திருமேனி. "வேண்டாம்னு போடு."

மேலே ஸ்பீக்கர் கணீரென்று சொன்னது: "பெரியவர் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்கிறார்."

மாடியில் நாற்காலிகள் உருளும் சத்தம் கேட்டது. திருமேனிக்கு மனசு நிறைந்துவிட்டது. "அந்தப் புள்ள கல்யாணத்தைக் காப்பாத்தியாச்சு," என்று சொல்லி, பரிமாறுகிறவரைப் பார்த்து இலையை நகர்த்தினார். "இன்னும் ரெண்டு வடை வைங்க தம்பி."