ராஜாவின் இரும்பு போன இடம்

கொண்டல்கோட்டை ராஜா விருப்பாட்சிக்கு வில்லை வளைக்க முடியவில்லை. வில்லை விடுங்கள், காலையில் கட்டிலை விட்டு எழுவதே பெரும்பாடு. அதைப் பலவீனம் என்று சொல்ல முடியுமா? ராஜா ஆயிற்றே! "பிரபுவின் உடம்பில் இரும்புச் சத்து சற்று ஓய்வெடுக்கிறது" என்றார் அரண்மனை வைத்தியர் திருவேங்கடம். "வாதுமைப் பருப்பில் இரும்பு, செம்பு எல்லாம் உண்டு. பிழிந்த எண்ணெயைத் தினமும் ஒரு கிண்ணம் குடியுங்கள்."

ராஜா குடித்தார். தொப்பை வளர்ந்தது. தசரா அன்று ஊரே பார்க்க வில்லைத் தூக்கினார், நாண் ஏறவில்லை. ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள், சிரிக்காமல் இருமினார்கள்.

மறுநாள் சபையில் ராஜா சீறினார். வைத்தியர் சட்டென்று கையை நீட்டினார், எண்ணெய்க் குடத்துடன் நின்ற அரண்மனைச் செக்காட்டும் செண்பகவல்லியின் பக்கம். "இவள் எண்ணெயிலிருந்து இரும்பைத் திருடிக்கொள்கிறாள்!"

எண்ணெயிலிருந்து இரும்பை எடுக்கத் தெரிந்தவள் ஏன் செக்காட்டிப் பிழைக்கிறாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சபையில் எல்லோரும் மெத்தப் படித்தவர்கள்.

"செக்கைப் பறிமுதல் செய்!" என்றார் ராஜா.

"சாமி, அதை எடுத்துட்டா என் புள்ளைங்க பட்டினிதான்" என்று அவள் கதறினாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

மந்திரி சூடாமணி எழுந்தார். "வைத்தியரே, ஒரு பொருளில் உலோகச் சத்து எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

"எரித்துப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் புகையாகப் போகும். உலோகச் சத்து சாம்பலில் தங்கும். இதுகூடத் தெரியாமல் மந்திரியா?"

"உங்கள் புண்ணியத்தில் இப்போது தெரிந்தது" என்றார் சூடாமணி, மிகப் பணிவாக.

தட்டான் வந்தான். பொன் உருக்கும் மண் கிண்ணமான மூசை ஒன்றில் வாதுமை எண்ணெய், இன்னொன்றில் அதே எடைக்கு, எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சிய புண்ணாக்கு. இரண்டையும் எரித்தான். எண்ணெய் மூசையில் துடைத்தெடுக்கக்கூடச் சாம்பல் இல்லை. புண்ணாக்கு மூசையின் சாம்பலைத் தராசில் கொட்டி, எடைக்குக் குன்றிமணி வைத்தான். ஒன்று போதவில்லை, மேலும் மேலும் வைத்தான்.

ராஜாவின் முகம் மாறியது. "சத்து பூராவும் புண்ணாக்கிலா? அப்படியென்றால் நான் இத்தனை நாள் குடித்தது?"

"கொழுப்பு, பிரபு. உயர்ந்த ரகம்" என்ற சூடாமணி வைத்தியரிடம் திரும்பினார். "அரண்மனை வாதுமைப் புண்ணாக்கு யாருக்குப் போகிறது?"

"அது... வழக்கப்படி வைத்தியருக்குச் சேர வேண்டியது."

"நீங்களே சாப்பிடுகிறீர்களா?"

"சீச்சீ! என் காளைக்குப் போடுகிறேன்."

அந்தக் காளையை எல்லோருக்கும் தெரியும். போன மாதம் கோட்டைக் கதவை முட்டிப் பெயர்த்தது அதுதான். நாலு காவலர்கள் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"என் இரும்பைத் தின்றது உன் மாடா!" ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார்.

"வைத்தியரைக் கோபிக்காதீர்கள், பிரபு" என்றார் சூடாமணி. "மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது. நோயாளிதான் மாறிப்போனார்."

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். செண்பகவல்லிக்குச் செக்கு மிஞ்சியது, சூடாமணிக்குப் பொன்னாடை கிடைத்தது. வைத்தியர் மெல்ல நழுவப் பார்த்தார்.

"நில்லும்!" என்றார் ராஜா. "அடுத்த தசராவுக்கு உம்முடைய காளையை அழைத்து வாரும். வில்லை அது வளைக்கட்டும். பக்கத்தில் நின்று அதன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர் நீர்!"